பரிசலில் பிறந்த ஜெட்

1955 மே 27 அன்று, பிரான்சின் துலூஸ் நகரில், பியேர் நதோ என்ற விமானி ஒரு புதிய பயணிகள் ஜெட்டை முதன்முதலாக வானில் ஏற்றினார். ஆவணங்களில் அது எஸ்.இ. 210. உலகம் அதை அறிந்ததோ கரவெல் என்ற பெயரால். இந்தப் பெயரின் வேரைத் தேடிப் போனால், பாய்மரக் கப்பலைக் கடந்து ஒரு பரிசலுக்கு வந்து சேர்கிறோம்.

கரவெல் என்பது பிரெஞ்சு வடிவம். மூலம் போர்த்துக்கீசியச் சொல்லான கரவெலா. சாவியையும் சன்னலையும் அலமாரியையும் நமக்குத் தந்த அதே மொழி. இறுதியில் வரும் 'எலா' சிறுமையைக் காட்டும் விகுதி. அதை நீக்கினால் காரவு என்ற பழைய படகுப் பெயர் மிஞ்சும். அதற்கும் முந்தையது பிற்கால இலத்தீனின் காரபுஸ். செவில் நகரின் ஆயர் இசிதோர், 7ஆம் நூற்றாண்டில் தாம் தொகுத்த சொற்பொருள் களஞ்சியத்தில் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்: மெல்லிய கிளைகளால் பின்னி, பச்சைத் தோல் போர்த்திய சிறு படகு. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிரேக்கத்தில் காரபோஸ் என்றால் கொம்பு வண்டு. சிங்கி இறாலுக்கும் அதுவே பெயர். ஒருவகைப் படகுக்கும் அதுவே. அரபியின் காரிப் என்ற படகுச் சொல்லை மூலமாகக் காட்டுவோரும் உண்டு. அந்த அரபுச் சொல்லே கிரேக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்று கருதப்படுவதால், கிரேக்க வழியே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

15ஆம் நூற்றாண்டின் கரவெலா பெரிய கப்பல் அன்று. முக்கோணப் பாய் கட்டி, எதிர்க்காற்றிலும் பக்கம் மாற்றி மாற்றி முன்னேறக்கூடிய சிறிய, விரைவான கலம். ஆழம் குறைந்த கரையோரங்களிலும் ஆற்று முகங்களிலும் அது நுழையும். 1488இல் பார்த்தலோமியு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியது கரவெலாக்களில்தான். 1492இல் கொலம்பஸ் கொண்டுபோன மூன்று கலங்களில் இரண்டு இவ்வகை.

இப்படிப்பட்ட பெயர் அந்த ஜெட்டுக்கு எவ்வளவு பொருந்தியது! ஜெட் என்றால் கடல் கடக்கும் நெடும்பயணத்துக்கே என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், ஐரோப்பிய நகரங்களுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான குறுகிய, நடுத்தரத் தடங்களுக்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கட்டினார்கள். எஞ்சின்களை இறக்கையிலிருந்து எடுத்து வாலருகே உடலின் இருபுறமும் பொருத்தினார்கள். பயணிகள் ஜெட்டில் அதுவே முதல் முறை. இறக்கை தடையின்றிக் காற்றைக் கிழித்தது. இரைச்சல் பயணிகளுக்குப் பின்னால் தங்கிவிட்டது. முனைகள் மழுங்கிய முக்கோணச் சன்னல்கள், கீழே அகன்று, நிலத்தைப் பார்க்க வசதி செய்தன. வாலின் அடியிலேயே படிக்கட்டு இருந்ததால், ஏணி வண்டி இல்லாத சிறு நிலையத்திலும் ஆட்கள் இறங்கலாம். மூக்குப் பகுதி மட்டும் சொந்தமன்று. பிரிட்டனின் காமெட் விமானத்திலிருந்து உரிமம் பெற்று எடுத்தது. 1959இல் எஞ்சின்களை வெற்றோட்டத்தில் வைத்துவிட்டுப் பாரிஸ் வானிலிருந்து தீஜோன் நகர் வரை இது சறுக்கியே போய்க் காட்டியது. காற்றை நம்பிய கப்பலின் பெயருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., மே மாதம் ஏர் பிரான்ஸ் என்று சேவை தொடங்கியது. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 20 வாங்கியது. மொத்தம் கட்டப்பட்டவை ஏறத்தாழ 280. பெயர் விமானத்தோடு நிற்கவில்லை. ரெனோவின் ஒரு காருக்கும் சூட்டப்பட்டது; 1959இல் சைகோனில் திறந்த ஒரு விடுதிக்கும் போனது. ஒலியை மிஞ்சும் விமானத்துக்கு, கரவெல்லைக் கட்டிய சூட் ஏவியேஷன் நிறுவனம் தீட்டிய வரைவின் பெயரும் சூப்பர் கரவெல்தான். 1962இல் பிரிட்டனோடு ஒப்பந்தமானதும் அந்தக் கனவு கான்கார்டு ஆனது. எனக்கென்னவோ பழைய பெயரே மேல்.

இந்தியாவுக்கு இது 1964இல் வந்தது. டகோட்டா, வைக்கவுண்ட் ஓட்டிய இந்தியன் ஏர்லைன்ஸுக்கு இதுவே முதல் ஜெட். சென்னை வானமும் இதை நன்கறியும். துயரமும் சென்னைத் தடத்திலேயே நேர்ந்தது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய கரவெல்லின் வலப்புற எஞ்சினில், அமுக்கி வட்டு ஒன்று உலோகச் சோர்வால் உடைந்து தீப்பற்றியது. நிலையத்துக்குத் திரும்ப முயன்ற விமானம் விழுந்து 95 பேரும் மாண்டார்கள். அவர்களுள் ஒருவர் நடிகை ராணி சந்திரா. அவர் நடித்த ‘பத்ரகாளி’ அவர் மறைந்த பிறகே திரைக்கு வந்தது.

அந்நாளில் மீனம்பாக்கத்தில் கரவெல்லைப் பழுது பார்த்தவர்கள், சரக்கு ஏற்றியவர்கள், அதில் பறந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் நினைவுகளை எழுதி வையுங்கள். அந்தப் பெயரை நீங்கள் எப்படி உச்சரித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.