தீவுக்கோட்டையில் ஒரு பகல்

சேத்தியாத்தோப்பில் வாழும் நமக்குக் கொள்ளிடம் அயலன்று. 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் அதன் நீரே வீராணம் ஏரியை நிரப்பி நம் வயல்களை நனைக்கிறது. ஏரிக்கு வராது எஞ்சும் நீர் கடலைச் சேரும் இடத்தைக் காணும் ஆவல் நமக்கு நெடுநாளாக இருந்தது. அண்மையில் ஒரு நாள் சிதம்பரம் வழியாகச் சென்று, படகேறி, ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தீவுக்கோட்டையை அடைந்தோம். ஆங்கிலேயர் ஏடுகளில் 'தேவிக்கோட்டை' என வருவது இதுவே.

கோட்டை என்று சொல்லத்தக்கது இன்று அங்கே அரிது. முட்புதர்களின் நடுவே சிதைந்த செங்கற்கள், உப்புக் காற்று, நீர்ப்பறவைகளின் ஒலி. 18-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் வருணித்த, ஏறத்தாழ ஒரு மைல் சுற்றளவும் 18 அடி உயரமும் கொண்ட மதிலை மனக்கண்ணில்தான் எழுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தீவை ஆண்ட சோழகன் என்னும் குறுநில மன்னனைப் பற்றி இருவகைச் சான்றுகள் உள்ளன. தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவைப் புலவர்கள் அவனைக் கொடியவனாக, கொள்ளைக்காரனாகச் சித்திரிக்கின்றனர். இராமபத்ராம்பா இயற்றிய 'இரகுநாதாப்யுதயம்' என்னும் வடமொழிக் காவியம், நாயக்கர் அவனை வென்ற வரலாற்றைப் பாடுகிறது. ஆனால் 1597-இல் இப்பகுதிக்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலாவு பிமெந்தாவின் மடல்களில் நாம் காண்பவன் வேறொருவன். சிதம்பரத்தில் செஞ்சி மன்னர் கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்ட அத்துறவியையும் உடன் வந்தோரையும் முதியவனான சோழகன் வரவேற்றான்.

எது உண்மை? இரண்டுமே உண்மையாகலாம். வென்றவரின் அவையில் எழுதப்பட்டதைக் கொண்டு மட்டும் தோற்றவனை அளப்பது நீதியன்று. விருந்துண்டவரின் நன்றியை மட்டும் கொண்டு அவனைத் தூயவனாக்குவதும் நேர்மையன்று.

இங்கே நம் நெஞ்சை உறுத்துவது பிறகு நடந்தது. துறவியர் விருந்தினராக வந்த அதே முகத்துவாரத்துக்கு 152 ஆண்டுகள் கழித்து, அதே கிறிஸ்துவின் பெயரை அறிந்தோர் பீரங்கிகளோடு வந்தனர். அரியணை இழந்த தஞ்சை மன்னர் ஷாஜி, தமக்கு உதவினால் இக்கோட்டையைத் தருவதாக ஆங்கிலேயருக்கு வாக்களித்திருந்தார். 1749 ஏப்ரலில் புறப்பட்ட முதற்படை தோற்றுத் திரும்பியது. அம்மாதத்துப் புயலில் 'நமூர்' என்னும் போர்க்கப்பல் மூழ்கி ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் மேஜர் லாரன்சு தலைமையில் வந்த படை ஆற்றைக் கடந்து மதிலை உடைத்தது. முன்னணியில் நின்ற இளைஞர் ராபர்ட் கிளைவ் மயிரிழையில் உயிர் தப்பினார். கோட்டை கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் தஞ்சையின் அரசர் பிரதாபசிங்குடன் உடன்பாடு செய்துகொண்டனர். யாருக்காகப் போர் தொடுத்ததாகச் சொன்னார்களோ, அந்த ஷாஜிக்கு ஓர் உதவித்தொகையே மிஞ்சியது. ஒன்பதே ஆண்டுகளில், 1758-இல், கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

பிமெந்தாவின் பெயரைத் தேடி ஓரளவு பெருமையோடுதான் நாம் இங்கு வந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவர் வருகையை நினைவுகூர்வோமாயின் நம்மவர் செய்த வஞ்சனையையும் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறப்பது வரலாறு ஆகாது. மனச்சான்றின் ஆய்வும் ஆகாது.

"ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கவா சாமி, இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றார் படகோட்டி. வெயில் ஏறியிருந்தது. தாம் கொண்டுவந்திருந்த நீர்ச்சோற்றை நம்மோடு பகிர்ந்துகொண்டார். நம் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. மதில்கள் போய்விட்டன, முதிய சோழகன் அயலாருக்குக் காட்டிய முகம் இன்னும் அந்தக் கரையில் இருக்கக் கண்டோம். நன்றி சொல்லிக் கரையேறினோம்.