கைரவான் நகரத்து ஓதற்பள்ளி: பெற்றோரும் உஸ்தாதும் பங்கிட்டுக்கொண்ட பொறுப்பு



பிள்ளையை உஸ்தாதிடம் கொண்டுபோய் விட்டுவிட்டால் பெற்றோரின் கடமை முடிந்துவிடுகிறதா? அல்லது அங்கிருந்துதான் தொடங்குகிறதா? ஒவ்வோர் ஆண்டும் மக்தப் மதரஸாவின் கணக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்க்கும்போது நம் உள்ளத்தில் எழும் கேள்வி இது. நமக்கு முன்னோர் இக்கேள்வியை மிகுந்த கவனத்துடன் எடுத்துப் பேசியிருக்கின்றனர். அவர்கள் பேசியது எழுத்திலும் நிலைத்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வது இத்தருணத்தில் பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

தந்தை கூற மகன் எழுதிய நூல்

இன்றைய துனீசியா நாட்டில் அமைந்துள்ள கைரவான் நகரம், ஹிஜ்ரி 50ஆம் ஆண்டில் (கி.பி. 670) உக்பா இப்னு நாஃபிஃ அவர்களால் நிறுவப்பட்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அஃக்லபீ மன்னர்களின் ஆட்சிக்காலத்தில், அது வட ஆப்பிரிக்காவின் தலைசிறந்த கல்வி நகரமாகத் திகழ்ந்தது. மாலிகி மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய 'அல்முதவ்வனா'வைத் தொகுத்தளித்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் அந்நகரத்தவரே. ஹிஜ்ரி 234ஆம் ஆண்டில் கைரவானின் காழியாகப் பொறுப்பேற்ற அப்பெரியார், ஹிஜ்ரி 240இல் (கி.பி. 854) மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார்கள்.

அவர்களுடைய மகனார் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) ஹிஜ்ரி 202இல் பிறந்து 256இல் (கி.பி. 870) மறைந்தவர். அவர் எழுதிய சிறு நூலின் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்', அதாவது ஆசிரியர்களுக்குரிய ஒழுக்க முறைகள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்போரைப் பற்றி எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தனி நூல்களுள் இதுவும் ஒன்று. நூலின் பெரும்பகுதி கேள்வி பதிலாக அமைந்தது. மகன் கேட்கிறார், காழியாகிய தந்தை விடை கூறுகிறார். கேட்கப்பட்டவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. தெருவில் உள்ள சிறு ஓதற்பள்ளியில், குத்தாப் என்று அரபியில் வழங்கும் இடத்தில், உஸ்தாதுக்கும் பெற்றோருக்கும் இடையே அன்றாடம் எழுந்த வழக்குகளே அவை. ஏட்டில் கிடந்த இந்நூலைத் துனீசிய அறிஞர் ஹஸன் ஹுஸ்னீ அப்துல் வஹ்ஹாப் 1931ஆம் ஆண்டில் துனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்டார்.

உஸ்தாதின் நேரம் யாருக்கு உரியது?

கைரவானின் உஸ்தாத் அரசாங்க ஊழியர் அல்லர். பிள்ளைகளின் தந்தையர் கூடி அவரை ஊதியத்திற்கு அமர்த்தினர். ஆகவே ஓதிக்கொடுக்கும் நேரம் முழுவதும் பிள்ளைகளுக்கே உரியது என்பது இமாம் ஸஹ்னூன் அவர்களின் தீர்ப்பு. அந்நேரத்தில் ஜனாஸாவைப் பின்தொடர்ந்து செல்வதற்கோ, நோயாளியை நலம் விசாரிக்கப் போவதற்கோ உஸ்தாதுக்கு உரிமை இல்லை; தவிர்க்கவியலாத கடமை வந்தாலன்றிப் பிள்ளைகளை விட்டு அகலலாகாது. நற்செயல்கள்தாமே என்று எண்ணத் தோன்றும். எனினும், பிறருக்கு ஒப்புக்கொடுத்த நேரத்தில் இன்னொரு நற்செயலைச் செய்வது தகாது என்பதே அதன் உட்பொருள்.

விடுமுறையும் அவ்வாறே. வியாழன் வரை ஓதியவற்றைத் திரும்பப் பார்த்து, வெள்ளியன்று பிள்ளைகளை விடுவிப்பது பழைய வழக்கமாக ஏற்கப்பட்டிருந்தது. இரு பெருநாட்களுக்கும் இத்தனை நாள் என்ற அளவு இருந்தது. ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்த மகிழ்ச்சியில் ஏனைய பிள்ளைகளுக்கும் ஒரு நாளளவு விடுமுறை தரலாம். அதற்கு மேலும் தர விரும்பினால், பிள்ளைகளின் தந்தையர் அனைவருடைய அனுமதியும் வேண்டும். ஒரு தந்தை மட்டும் இசைந்தால் போதாது. ஏனெனில் உஸ்தாத் அனைவருக்கும் பொறுப்பேற்றவர்.

வராத பிள்ளையைப் பற்றி

நம் காலத்திற்கு மிகவும் பயன்படும் ஒரு விதி இந்நூலில் உண்டு. ஒரு பிள்ளை ஓத வரவில்லை. அவனைத் தேடி அழைத்துவர மற்றொரு பிள்ளையை உஸ்தாத் அனுப்பலாமா? கூடாது என்கிறார்கள் இமாம் ஸஹ்னூன். அனுப்பப்படும் பிள்ளையின் படிப்பும் அதனால் கெடும். அவனுடைய தந்தையோ பொறுப்பாளரோ அனுமதி தந்திருந்தால், அல்லது வீடு மிக அண்மையில் இருந்தால் மட்டுமே அது தகும். உஸ்தாத் தாமே பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பார்த்து, வராதவர்களைப் பற்றி அவர்களுடைய வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்விதியின் பயனை ஆழ்ந்து நோக்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளை மதரஸாவில் இருப்பதாகத் தாய் நம்பியிருக்கிறாள். வீட்டில் ஏதோ வேலையென நிறுத்திக்கொண்டார்கள் என உஸ்தாத் எண்ணிக்கொள்கிறார். இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையே பிள்ளை வழிதவறிப் போகின்றான். ஒரு சிறு அறிவிப்பு அவ்விடைவெளியை அடைத்துவிடும்.

தண்டனைக்கு இட்ட வேலி

அக்காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் பிரம்பின்றிப் பாடம் இல்லை என்ற நிலை இருந்தது. அந்நிலையில் இந்நூல் பிரம்பைச் சுற்றி வேலி இட்டது. பாடத்திற்காக மூன்று அடிக்கு மேல் அடிக்கலாகாது. தலையிலும் முகத்திலும் அடிக்கவே கூடாது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் உணவுக்கும் நீருக்கும் தடை விதித்தல் ஆகாது. பிள்ளை பிறருக்குத் தீங்கிழைத்து, மூன்றுக்கு மேல் தண்டிக்க வேண்டிய நிலை வந்தாலும் தந்தையின் அனுமதி பெற்றாக வேண்டும். வரம்பு மீறியதால் பிள்ளைக்கு ஊறு நேர்ந்தால், உஸ்தாத் சட்டத்தின் முன் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 403இல் (கி.பி. 1012) மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்), இதே பொருளில் விரிவானதொரு நூலை எழுதினார்கள். கண்பார்வையற்ற அப்பெருமகனார், கோபம் கொண்ட நிலையில் உஸ்தாத் எந்தப் பிள்ளையையும் தண்டிக்கலாகாது என்று வலியுறுத்தினார்கள். பின்னர் 1332இல் துனிஸ் நகரில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் இதற்குரிய காரணத்தை விளக்கினார். கடுமையின்கீழ் வளரும் பிள்ளை ஊக்கத்தை இழக்கிறது; அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யையும் வஞ்சகத்தையும் கற்றுக்கொள்கிறது; நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது என்பது அவருடைய கருத்து.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் தடை செய்துள்ளது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைத்து, அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும் எனவும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகிறது. மூன்று அடி என்பது அக்காலத்தார் இட்ட எல்லை. அவ்வெல்லையை இட்டவர்களின் நோக்கம் பிள்ளையைக் காப்பது. இன்று அந்நோக்கத்தை நிறைவேற்ற விரும்புவோர் பிரம்பை முற்றிலும் கீழே வைத்துவிடுவதே முறையாகும்.

பெற்றோர் மீதுள்ள கடன்

உஸ்தாதுக்கு மட்டும் விதிகளைச் சொல்லிவிட்டுப் பெற்றோரை இந்நூல் விட்டுவிடவில்லை. உஸ்தாத் ஊதியத்திற்கு மேல் பிள்ளைகளிடம் அன்பளிப்புக் கேட்கலாகாது. தம் சொந்த வேலைக்குப் பிள்ளைகளை ஏவலாகாது. ஓதற்பள்ளியின் வாடகையும் அவரைச் சேர்ந்ததே. அவ்வாறாயின் பேசிய ஊதியத்தைத் தந்தை முறையாகக் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

பிள்ளை குர்ஆனை ஓதி முடிக்கும்போது உஸ்தாதுக்குத் தனித் தொகை வழங்கும் வழக்கம் அங்கு இருந்தது. தொகையை முன்கூட்டிப் பேசிக்கொள்ளாதபோது தந்தையின் வசதியைக் கருதியே அது தீர்மானிக்கப்பட்டது. செல்வந்தருக்கு ஓர் அளவு. எளியவருக்கு ஓர் அளவு. பிள்ளை மூன்றில் இரண்டு பங்கைக் கடந்து ஓதி முடிக்கும் தறுவாயில் இருக்கையில் தந்தை அவனை நிறுத்திக்கொண்டால், அத்தொகையிலிருந்து தப்ப இயலாது என்றும் தீர்ப்பு உண்டு. உழைத்தவரின் பயனைக் கடைசி நேரத்தில் பறித்துவிடக்கூடாது என்ற நீதியே இதில் விளங்குகிறது.

பணம் மட்டுமே பெற்றோரின் பங்கு அன்று. இமாம் ஸஹ்னூன் தம் மகனை ஓத அனுப்பியபோது உஸ்தாதிடம் சொல்லியனுப்பிய செய்தி வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. இவன் அடித்தும் அதட்டியும் திருத்தப்பட வேண்டிய பிள்ளை அல்லன். பாராட்டியும் இனிய சொல்லாலும் வழிநடத்துங்கள் என்பது அதன் கருத்து. தம் பிள்ளையின் இயல்பை அறிந்த தந்தை அதனை உஸ்தாதுக்கு அறிவித்தார். பல பிள்ளைகளை ஒருங்கே வைத்து நடத்தும் உஸ்தாதுக்கு ஒவ்வொரு பிள்ளையின் இயல்பும் தானாகத் தெரிந்துவிடாது. எந்தப் பிள்ளை அஞ்சும், எது பிடிவாதம் கொள்ளும், எதற்குக் கண்பார்வை குறைவு, எந்த வீட்டில் துயரம் நிகழ்ந்துள்ளது என்பதை வீட்டார் சொன்னால்தான் அவர் அறிவார். அவ்வாறு வளர்க்கப்பட்ட மகனே பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கான நூலை எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

கேட்பாரற்ற பிள்ளைக்கு யார்?

இவையனைத்தும் தந்தையுள்ள பிள்ளைக்குப் பொருந்தும். தந்தையை இழந்த பிள்ளைக்கு உஸ்தாதிடம் பேசுவார் யார்? அனுமதி அளிப்பார் யார்? இமாம் காபிஸீ அவர்கள் இக்கேள்வியை எடுத்துப் படிப்படியாக விடை தருகிறார்கள். எத்தீமான பிள்ளைக்குச் சொத்து இருப்பின் அதன் பொறுப்பாளர் அதிலிருந்து செலவிட்டு ஓதவைக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லையேல் காழி அவ்விடத்தில் நிற்பார். காழியும் இல்லாத ஊராயின், ஊரின் நல்லோர் ஒன்றுகூடிப் பொறுப்பேற்க வேண்டும். சொத்தும் இல்லாத பிள்ளையெனில் தாயும் உறவினரும், அவர்களுக்கும் இயலாவிடில் மனமுவந்து முன்வரும் எவரும், அல்லது ஊதியம் கருதாமல் உஸ்தாதே ஓதிக்கொடுக்கலாம். அவருக்குரிய நற்கூலி பெரிது.

ஊரின் நல்லோர் ஒன்றுகூடுவது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அந்த அமைப்பையே நாம் ஜமாஅத் என்று அழைக்கின்றோம். பள்ளிவாசலின் கட்டடத்தையும் மையவாடியையும் பராமரிப்பது போன்றே, கேட்பாரற்ற பிள்ளையின் கல்விக்குத் தந்தையின் இடத்தில் நிற்பதும் ஜமாஅத்தின் கடமை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கின்றோம்.

நாம் செய்யத்தக்கவை

இன்று பிள்ளைகளின் நேரம் பள்ளிக்கூடத்திற்கும் டியூஷனுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கிறது. மக்தபுக்குக் கிடைப்பது காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரமே. அதனையும் வீணாக்காதிருக்க, கைரவானின் அனுபவத்திலிருந்து சிலவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அறிவித்தல். வராத பிள்ளையைப் பற்றி அன்றைய தினமே வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். விடுமுறையையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீட்டாரும் பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் நாளில் உஸ்தாதுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இரண்டாவது, கலந்து பேசுதல். புகார் சொல்வதற்காக மட்டும் மதரஸாவின் படியேறும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறையேனும் தந்தையும் தாயும் உஸ்தாதைச் சந்தித்துப் பிள்ளையின் நிலையைக் கேட்டறிய வேண்டும். பொருளீட்ட வெளிநாடு சென்றிருக்கும் தந்தையர் நம்மில் பலர். அத்தகைய வீடுகளில் அனுமதியும் ஆலோசனையும் தாயிடமிருந்தே பெறப்பட வேண்டும். ஆகவே தாய்மார்களுக்கெனத் தனிக் கூட்டம் நடத்துவது மிகவும் அவசியமாகும்.

மூன்றாவது, உஸ்தாதின் ஊதியம். தாமதமின்றியும் குடும்பம் நடத்தப் போதுமான அளவிலும் அது வழங்கப்பட வேண்டும். வேறு வருவாய் தேடி அலையும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவருடைய முழு நேரத்தையும் நாம் கோர இயலாது.

ஆதாபுல் முஅல்லிமீன் நூலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. தொடக்கக் கால ஓதற்பள்ளிகளில் உஸ்தாதிடம் ஒரு தொட்டி இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை தன் முறைக்குத் தூய நீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றும். எழுதி ஓதிய பலகைகளை எல்லாப் பிள்ளைகளும் அந்நீரில் கழுவுவர். இறைவசனங்கள் கரைந்த அந்நீரைக் காலில் மிதிபடாதவாறு குழி தோண்டி ஊற்றுவர். இடமும் தொட்டியும் உஸ்தாதுடையவை. நீர் வீட்டிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்தபோதே மறுநாளைய பாடத்திற்குப் பலகை ஆயத்தமானது.

நம் மக்தபிலும் உஸ்தாத் தம் பங்கைச் செய்ய, வீட்டார் தம் பங்கைக் கொண்டுவர, இருவரும் இல்லாத பிள்ளைக்கு ஜமாஅத் முன்வர வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.