மருத்துவமனை ஊழியர் கையாடல்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

மருத்துவமனை ஊழியர் கையாடல் என்பது சிகிச்சை நிலையத்தின் பணம், மருந்து, ஆவணங்கள் ஆகியவற்றில் பணியாளரே செய்யும் திருட்டும் மோசடியும் ஆகும். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு கிளினிக்குகளுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு.

மருத்துவர் உள்ளே நோயாளிகளைப் பார்க்க, வெளியே ஒரே ஆள் டோக்கன் கொடுத்து, பணம் வாங்கி, பில் போட்டு, இரவில் கணக்கையும் முடிப்பார். ஷிப்ட் முடிந்து அவசரமாக வரும் தொழிலாளி, அதிலும் தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத்தவர், பில் கேட்டு நிற்பது அரிது. பில் போடாமல் பணம் வாங்குவது, போட்ட பில்லை ரத்து செய்வது, கொடுக்காத சலுகையை எழுதுவது ஆகியவை பழைய வழிகள். கல்லாவில் தன் சொந்த க்யூஆர் அட்டையை நீட்டுவது புதியது.

ஆலை ஊருக்கே உரிய இன்னொரு சரக்கு, லெட்டர்பேடு. மருத்துவச் சான்று இங்கே விடுப்பாகவும் பணமாகவும் மாறும். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயின் நோய்க்கால உதவி மட்டுமே ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு. முத்திரையை மேசைமேல் போட்டுவிட்டுப் போகும் மருத்துவர், கையெழுத்திட்ட காசோலையைப் போட்டுவிட்டுப் போவதாகவே கொள்ளலாம்.

மருந்தறையில் கவனிக்க வேண்டியவை டிரமடால் போன்ற வலிநிவாரணிகள். 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அட்டவணை எச்1 மருந்துகளுக்கான விற்பனைப் பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். திருடிய சரக்கு கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலமும் காவல் எல்லையும் மருந்து ஆய்வாளரும் மாறிவிடுவதால், அது யாருடைய சரக்கு என்று நிறுவ, பேட்ச் எண் எழுதாத இருப்புக் கணக்கால் பயனில்லை.

தடுப்புக்குப் பலரும் முதலில் மாட்டுவது கேமரா. அது பணம் கைமாறுவதைக் காட்டும், போடாத பில்லைக் காட்டாது. மருத்துவர் தாம் பார்த்தவர்களின் எண்ணிக்கையை டோக்கன், பில், வங்கி வரவு மூன்றோடும் அன்றன்றே ஒப்பிடுவதே பயன் தரும். பணம் வாங்குபவரே கணக்கையும் முடிக்கக் கூடாது. பில் ரத்துக்கு மருத்துவர் ஒப்புதல் வேண்டும். லீவே எடுக்காத ஊழியரைப் பாராட்டுவது நம் வழக்கம். ஆனால் ஆண்டில் சில நாளாவது அவரைக் கட்டாயமாக அனுப்பி, அந்த இருக்கையில் வேறொருவரை உட்காரவைக்க வேண்டும். பிறர் சொல்வதற்கும் காது கொடுக்க வேண்டும்: உலக அளவில் மோசடிகளை மிக அதிகமாக வெளிக்கொண்டுவருவது தணிக்கை அல்ல, யாரோ சொல்லும் தகவல்தான் என்பது சான்றுபெற்ற மோசடி ஆய்வாளர் சங்கத்தின் அறிக்கைகளில் தொடர்ந்து காணப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஊழியர் திருட்டு 306, நம்பிக்கை மோசடி 316(4), பொய்க் கணக்கு 344 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. மூன்றுக்கும் ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம்.