தெரிந்த மொழியில் குற்றச்சாட்டு

பெங்களூரின் வடமேற்கில் பீன்யா தொழிற்பேட்டை அமைந்துள்ளது. லேத்துப் பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நிறைந்த அவ்விடத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல மொழியினர் அருகருகே நின்று உழைக்கின்றனர். அவர்களுள் ஒருவர் கைது செய்யப்பட்டால், அவர் முதலில் கேட்கும் வினா 'என்னை ஏன் பிடித்தீர்கள்?' என்பதே. விடை அவருக்கு விளங்காத மொழியில் வருமாயின், அது விடையாகுமா? இவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் நார்மானியர் வெற்றிக்குப் பின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி வேரூன்றியது. தமக்கு எதிராகப் பேசப்படுவது யாதென அறியாமல் மக்கள் திகைத்தனர். மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1362-இல், வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆங்கிலம் பின்னாளில் நம் நாட்டு நீதிமன்றங்களில் மக்களுக்கு விளங்காத மொழியாய் வந்து அமர்ந்தது.

விசாரணையில் அளிக்கப்படும் சாட்சியம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் இருப்பின், அதைத் திறந்த நீதிமன்றத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமென 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி நிலைபெற்றுள்ளது. ஆனால் விசாரணைக்கு முன்பே, கைதாகும் வேளையில் என் செய்வது?

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு இங்கே துணை நிற்கிறது. கைதுக்கான காரணத்தை அறியவும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உரிமையுண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது 22-ஆம் விதி. தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது 20-ஆம் விதி. காரணத்தை எந்த மொழியில் தெரிவிப்பது என்பதை மட்டும் அது வெளிப்படையாகக் கூறவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் முதற்படியாக 1962-இல் ஹரிகிசன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவரோ ஆங்கிலம் அறியாதவர். அதிகாரி வாய்மொழியாக விளக்கியது போதாதெனக் கூறி, நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1979-இல் இந்தியா ஏற்ற சர்வதேச உடன்படிக்கையும், குற்றச்சாட்டைப் புரியும் மொழியில் உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது. 2025-இல், மும்பை வழக்கொன்றில், எக்குற்றத்திற்குக் கைது செய்தாலும் காரணங்களைக் கைதானவர் அறிந்த மொழியில் எழுதித் தர வேண்டுமென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர இயலாவிடில் வாயால் சொல்லலாம். ஆயினும் காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தந்தாக வேண்டும்.

ஒரு தாளுக்கு இத்துணை மதிப்பு ஏன்? காரணம் தெரிந்தால்தான் வழக்கறிஞரிடம் உள்ளதைச் சொல்ல முடியும். ஜாமீன் கோரவும் முடியும். வழக்கறிஞருக்குப் பொருளில்லையே என்று கலங்குவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச உதவி பெறத் தக்கவரே.

ஆகவே, தமிழன்றி வேறு மொழி அறியாத தொழிலாளி பீன்யாவில் கைதானால், காரணங்களைத் தமிழில் எழுதித் தருமாறு அவர் தயங்காமல் கேட்கலாம். இச்செய்தியை நம் அண்டை அயலாருக்கும் நாம் சொல்லி வைப்போமாக.