கடல் முயலும் நினைவின் மூலக்கூறுகளும்

அப்ளீசியா என்பது ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை. தலையிலுள்ள உணர்கொம்புகள் முயலின் காதுகளைப் போலத் தோன்றுவதால் இதைக் கடல் முயல் என்பர். ஒரு விலங்கு கற்றுக்கொள்ளும்போது அதன் நரம்பணுக்களில் என்ன நிகழ்கிறது என்ற வினாவுக்கு மூலக்கூறு அளவிலான தெளிவான விடைகள் பல இந்த உயிரினத்திலிருந்தே கிடைத்தன.

பின்னணி

எரிக் காண்டெல் 1929 இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆத்திரியா நாட்சிகளின் கைக்குப் போனபின், 1939 இல் அமெரிக்காவில் குடியேறினார். மனப்பகுப்பாய்வில் ஈடுபாடு கொண்டு மருத்துவம் பயின்றார். 1950களின் இறுதியில் ஆல்டன் சுபென்சருடன் சேர்ந்து, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பசு என்னும் மூளைப் பகுதியைப் பூனையில் ஆராய்ந்தார். அங்குள்ள நரம்பணுக்கள் மற்ற நரம்பணுக்களிலிருந்து அடிப்படையில் வேறுபடவில்லை. எனவே நினைவின் இரகசியம் தனி நரம்பணுவில் இல்லை, அவற்றுக்கிடையேயான இணைப்புகளில்தான் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட மூளையில் இதைச் சோதிப்பது இயலாததாக இருந்தது. அப்ளீசியாவில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ளன. அவற்றுள் சில 1 மில்லிமீட்டர் வரை பெரியவை, வெறுங்கண்ணுக்கே தெரிபவை. 1962 இல் காண்டெல் பாரிசு சென்று, லாதிசுலாவ் டாக்கிடம் இவ்விலங்கை ஆராயக் கற்றார். நத்தையை ஆராய்ந்து உயர்விலங்குகளின் நினைவை அறிய முடியுமா என்ற ஐயம் அன்று பலருக்கும் இருந்தது.

செவுள் உள்ளிழுப்பு

அப்ளீசியாவின் நீர்க்குழலைத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். இது ஓர் அனிச்சைச் செயல். மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் இச்செயல் குறைந்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் ஓசை நம் காதுக்குப் பழகிப்போவதைப் போன்றது இது. மாறாக, வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தபின் குழலை இலேசாகத் தொட்டாலும் செவுள் வேகமாக ஒடுங்கும். இது உணர்கூர்மை எனப்படும்.

குழலின் தோலிலிருந்து வரும் 24 உணர்வு நரம்பணுக்கள், செவுளை இயக்கும் 6 நரம்பணுக்களுடன் நேரடியாக இணைந்திருப்பதைக் காண்டெல் குழுவினர் கண்டறிந்தனர். பழகிப்போகும்போது இவ்விணைப்பு வலுவிழக்கிறது, உணர்கூர்மையில் வலுவடைகிறது. அனிச்சைச் செயலை நடத்தும் அதே இணைப்பிலேயே நினைவும் பதிகிறது என்பதை 1970 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

குறுகிய கால நினைவு

வாலில் அதிர்ச்சி ஏற்பட்டதும் செரோட்டோனின் வெளிப்படுகிறது. அது உணர்வு நரம்பணுவினுள் சுழற்சி ஏஎம்பி என்னும் மூலக்கூறின் அளவைக் கூட்டுகிறது. அதனால் தூண்டப்படும் நொதி, பொட்டாசியம் வெளியேறும் வழிகள் சிலவற்றை அடைக்கிறது. மின்துடிப்பு நீள்வதால் கால்சியம் கூடுதலாக உள்ளே வருகிறது. குளுட்டமேட் அதிகமாகச் சுரக்கிறது. ஒரேயொரு அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்களே நிற்கும். அதற்குப் புதிய புரதம் எதுவும் தேவையில்லை.

நீண்ட கால நினைவு

இடைவெளி விட்டு ஐந்து முறை அதிர்ச்சி கொடுத்தால் நினைவு நாட்கணக்கில் நிலைக்கிறது. இப்போது அந்த நொதி உட்கருவுக்குள் புகுந்து, கிரெப் என்னும் புரதத்தின் வழியே மரபணுக்களை இயங்கச் செய்கிறது. புதிய புரதங்கள் உருவாகின்றன. புதிய இணைப்புகளும் முளைக்கின்றன. உணர்வு நரம்பணுவின் இணைப்புகள் ஏறத்தாழ இரு மடங்காவதைக் கிரெய்கு பெய்லியும் மேரி சென்னும் நுண்ணோக்கியில் கண்டனர். நீண்ட கால நினைவு நரம்பின் அமைப்பையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இது சான்றானது.

பழகிப்போதலிலும் இடைவெளியே முக்கியம் என்பது 1972 இல் தெரிந்தது. ஒரே தொடராக 40 முறை தொடுவதைவிட, நாளுக்கு 10 முறையாக நான்கு நாள் தொட்டதன் விளைவு நெடுநாள் நின்றது.

பழ ஈயின் சாட்சி

1976 இல் சீமோர் பென்சரின் ஆய்வகம், மணத்தையும் மின்னதிர்ச்சியையும் தொடர்புபடுத்திக் கற்க இயலாத பழ ஈ வகை ஒன்றை அறிவித்தது. அதற்கு 'டன்சு' எனப் பெயரிட்டனர். அதில் பழுதுபட்டிருந்தது, சுழற்சி ஏஎம்பியைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு எனப் பின்னர் தெரிந்தது. கடல் நத்தையிலும் ஈயிலும் தனித்தனி வழிகளில் தேடியவர்கள் ஒரே மூலக்கூறில் வந்து சேர்ந்தனர். நீண்ட கால நினைவில் கிரெப் புரதத்தின் பங்கு 1990களில் ஈயிலும் எலியிலும் உறுதியானது.

2000 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு காண்டெல், அர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்டு ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. நத்தை குறித்து முன்பு எழுந்த ஐயத்துக்கு அதற்குள் ஈயும் எலியுமே விடை சொல்லியிருந்தன.