கட்டிலா, நாற்காலியா?

போன மாசம் எங்க சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்பது மாத்திரை இருந்துச்சு. எப்ப நடக்கலாம், எவ்வளவு நடக்கலாம்னு ஒரு வரி இல்ல. சித்தி அவரை மாடிப்படி பக்கமே விடறதில்ல. அந்தக் கடுப்புல தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

1912-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பு வந்தவருக்கு முழு ஓய்வு வேணும்னு எழுதினார். அப்புறம் சுமார் நாற்பது வருஷம் அதுதான் வேதம். இதயத் தசையில் தழும்பு கட்ட வாரக்கணக்காகும், அதுக்குள்ள அசைஞ்சா இதயம் கிழிஞ்சிடும்னு பயம். ஆறு வாரம் கட்டில்தான். சாப்பாட்டைக்கூட நர்ஸ்தான் ஊட்டணும். படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் உறைஞ்சு, அது நுரையீரலுக்குப் போய் இறந்தவங்களும் உண்டு. இத்தனைக்கும் 18-ம் நூற்றாண்டிலேயே ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர், தினம் அரைமணி மரம் அறுத்தே நெஞ்சுவலி கிட்டத்தட்ட குணமான ஒருத்தரைப் பற்றி எழுதி வச்சிருக்கார். யார் கண்டுக்கிட்டா?

இந்த வேதத்தில் கை வச்சது பாஸ்டனில் சாமுவேல் லெவைன். உட்கார்ந்தா ரத்தம் கால் பக்கம் இறங்கும், இதயத்துக்குச் சுமை குறையும் என்பது அவர் கணக்கு. நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை அவரோட இளம் உதவியாளர் பெர்னார்ட் லௌனுக்கு. வார்டில் இருந்த ஜூனியர் டாக்டர்கள் இதைக் கொலைன்னே நினைச்சாங்க போல. லௌன் உள்ளே வந்தா ஹிட்லர் பாணியில் கையை நீட்டி சல்யூட் அடிச்சாங்கன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். லௌன் லித்துவேனியாவில் பிறந்த யூதர்! உட்கார்ந்தவங்க தேறி வர்றதைப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பு அடங்கிச்சாம். 81 நோயாளிகளின் விவரம் 1952-ல் கட்டுரையா வந்தது.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே மாரடைப்பு. பார்க்க வந்தவர் பால் டட்லி வைட். இதயத் தசை ஆற எத்தனை நாள் ஆகும்னு 1939-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் இவர் பெயரும் உண்டு. கட்டில்காரர்கள் அதைத்தான் ஆதாரமா காட்டுவாங்க. ஆனா மனுஷர் சைக்கிள் பிரியர் :-) அதிபரைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வச்சு, பிறகு நடக்க வச்சார். 1956-ல் ஐசனோவர் மறுபடி தேர்தலில் நின்னு ஜெயிச்சார்.

என்னை உலுக்கினது அதுக்கப்புறம் வந்த ஒண்ணு. 1992-ல் அமெரிக்காவில் வயசான இதய நோயாளிகளிடம் ஒரு ஆய்வு: இதய மறுவாழ்வுப் பயிற்சியில் யார் சேர்றாங்க, யார் சேரலை? எல்லாத்தையும் விட அதிகமா தீர்மானிச்சது, அவங்க டாக்டர் எவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பதுதான்.

நேத்து மறுபரிசோதனைக்குப் போனப்ப நானே கேட்டுட்டேன். "தாராளமா நடக்கலாமே, நான் சொல்லலையா?"ன்னு டாக்டர் சிரிச்சார். எத்தனை நிமிஷம்னு சீட்டுலயே எழுதித் தரச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஆரம்பிச்சு எப்படிக் கூட்டணும்னு எழுதித் தந்தார். இன்னைக்குக் காலையில் சித்தப்பா தெருமுனை வரை போய்ட்டு வந்தார். சித்தி பின்னாடியே தண்ணி பாட்டிலோட.