நின்றுபோன பிரிண்டர்

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் ஒரு பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறுதானே என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். கணினிக்குள் புகுந்த திருடர்கள்தான் தடயத்தை மறைக்க அதை முடக்கியிருந்தார்கள். போனது 8.1 கோடி டாலர்.

இரண்டே ஆண்டில் அந்தத் தந்திரம் நம் பக்கமும் வந்தது. கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் பிரிண்டரைத் திருடர்கள் முடக்கினார்கள். 2018 பிப்ரவரி 7 அன்று கணக்கை ஒத்துப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் தெரிந்தன. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது.

பேரேடு ஒத்துப்போகும்வரை வங்கியில் யாரும் வீட்டுக்குக் கிளம்பாத காலம் நம் வயதினருக்கு நினைவிருக்கும். கணினிக்கும் அதுதான் காவல். திருமயத்திலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: சின்னக் கோளாறானாலும் அன்றைக்கே மேலதிகாரி காதில் போட்டுவிட வேண்டும்.